பழைய கேபிளை உருவச் சொன்ன சபேசன் சார்

சபேசன் சார் போய்விட்டார் என்ற செய்தி எனக்கு மெட்ரோவில் வந்தது. மயூர் விஹாரிலிருந்து ஆபீசுக்குப் போகிற வழியில், யமுனையைத் தாண்டும்போது, நம் தமிழ்ச் சங்கத்து வாட்ஸப் குழுவில் யாரோ போட்டிருந்தார்கள். கீழே வரிசையாகக் கைகூப்பும் படங்கள். நானும் ஒன்று போட்டேன். போட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோது எனக்கு முதலில் வந்தது துக்கம் இல்லை. அப்பாடா என்று இருந்தது. இனி இந்த மனுஷன் என்னை ஒன்றும் கேட்க மாட்டார் என்று தோன்றியது. இப்படிப்பட்டவன் நினைவஞ்சலி எழுத வரலாமா என்று கேட்பீர்கள். கேளுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

அவரைத் தெரியாதவர் நம் வட்டாரத்தில் குறைவு. இருந்தாலும் புதிதாக வந்தவர்களுக்காகச் சொல்கிறேன். செக்‌ஷன் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். திருநெல்வேலிக்காரர். முப்பத்தைந்து வருஷம் தில்லியில் குப்பை கொட்டியும் பேச்சில் ஒரு 'வே' குறையவில்லை. யார் வீட்டுக் கம்ப்யூட்டர் படுத்தாலும் ஸ்க்ரூடிரைவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார். கிட்வாய் நகரில் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்திலும் சரி, பிறகு மயூர் விஹார் வந்த பிறகும் சரி, காசு வாங்கியதில்லை, ஒரு வாய் காப்பி குடித்ததில்லை. அதற்குப் பதிலாகத் திட்டுவார். வீட்டுக்காரரை, வீட்டுக்காரர் பெண்டாட்டி பிள்ளைகள் முன்னால், நிதானமாக, சிரிக்காமல் திட்டுவார். "கம்ப்யூட்டர் மந்தமா இருக்குன்னு சொல்லுதீரே, அது உம்மகூடத்தானே வே ஆறு வருசமா இருக்கு?" என்று என் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொன்னார். அந்த மனிதர் அதற்கப்புறம் புது கம்ப்யூட்டரே வாங்கிவிட்டார்.

நான் அவருடைய செக்‌ஷனில் பதினாறு வருஷம் இருந்தவன். வேலூர்க்காரன். பதவி உயர்வுக்கான இலாகா பரீட்சையில் மூன்றாவது தடவையும் நான் தோற்றபோது ரிசல்ட் முதலில் அவர் கைக்குத்தான் வந்தது. என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். மத்தியான நேரம், கேன்டீனில் முப்பது பேர் ராஜ்மா சாவல் தின்றுகொண்டிருக்கும்போது எழுந்து நின்றார். "நம்ம ராகவன் மறுபடியும் ஃபெயிலு. படிச்சதெல்லாம் மறந்துபோச்சுங்காரு. மறக்கணும்னா முதல்ல படிக்கணும் வே" என்றார். பிறகு அதையே இந்திக்காரர்களுக்கு இந்தியிலும் சொன்னார். முப்பது பேரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு என்ன செய்ய? வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு என் மனைவிக்குத் தெரியாமல் அழுதேன். அன்றைக்கே இந்த ஆளுக்கு ஒரு நாள் வரும் என்று நினைத்துக்கொண்டேன். இதையெல்லாம் சொல்வது என்னை நியாயப்படுத்த இல்லை. எனக்கு அவர்மேல் எவ்வளவு ஆத்திரம் இருந்தது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும், அவ்வளவுதான்.

அந்த நாள் இரண்டு வருஷம் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்தது. அவருடைய ஒரே மகள் நித்யா அனிமேஷன் படித்துக்கொண்டிருந்தாள். ஊரையே திட்டிய வாய் அவளை மட்டும் ஒரு சொல் சொன்னதில்லை. மூன்று வருஷம் செய்த வேலைகளையெல்லாம் கோத்து நான்கு நிமிஷப் படம் ஒன்று செய்துகொண்டிருந்தாள். வெளிநாட்டுக் கல்லூரி ஒன்றில் இடம் கிடைக்க அதை அனுப்ப வேண்டும். கெடுவுக்கு எட்டு நாள்தான் இருந்தது. பழைய கிராபிக்ஸ் கார்டு ஒரு காட்சியைச் செய்து முடிப்பதற்குள் விடிந்துவிடும். அதனால் அப்பா அவளுக்குப் புதிதாக ஒன்று வாங்கியிருந்தார். கூடவே பெட்டி முழுக்க மின்சாரம் பிரித்துக் கொடுக்கிற பவர் சப்ளையும் புதிதாக. "இந்தக் கார்டு சரியான தின்னிப்பண்டாரம் வே. பழைய பவர் சப்ளை இதுக்குச் சோறு போட்டு மாளாது" என்றார். கார்டு செங்கல் மாதிரி கனமாக இருந்தது. தாங்கிப் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டிருந்தார்.

அவர் வேலை செய்வதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெட்டிக்குள் ஒரு ஒயர் தொங்காது. பின்பக்கத் தகட்டுக்கு அடியில் எல்லாவற்றையும் சேர்த்து, விரற்கடைக்கு ஒன்றாகப் பிளாஸ்டிக் முடிச்சு போட்டு இறுக்கியிருப்பார். அன்றைக்கு கார்டையும் புது பவர் சப்ளையையும் அவரே மாட்டினார். மதர்போர்டுக்கும் கார்டுக்கும் போகிற புது ஒயர்களையும் அவரே செருகினார். அதற்குள் வாசலில் சிலிண்டர் வந்துவிட்டது. சிலிண்டரை எடை போட்டுப் பார்க்காமல் அவர் வாங்கியதாகச் சரித்திரமே இல்லை. எழுந்து போகும்போது என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "ரெண்டு டிஸ்குக்கும் போற பழைய கேபிளை உருவிப்போட்டுப் புதுசை மாட்டும். பழசு ஒண்ணுகூட இருக்கப்படாது. முனை பொருந்துதேன்னு செருகிராதீரும், உள்ள ஒயர் வரிசை வேற. டிஸ்க் வெந்துரும். உமக்குக் கைன்னு இருக்கா, கரண்டி இருக்கான்னு பாப்போம்."

கரண்டி என்று சொன்னபோது நித்யா பக்கத்தில்தான் இருந்தாள். சிரித்தாள். சின்னப் பெண், சிரிக்கத்தான் செய்வாள்.

நான் தகட்டைத் திறந்தேன். பதினைந்து முடிச்சு. ஒவ்வொன்றையும் வெட்டிப் பழைய கேபிளை உருவ வேண்டும், புதியதை அதே வழியில் விட்டு மறுபடி கட்ட வேண்டும். வாசலில் அவர் தராசுக்காக சிலிண்டர் கொண்டுவந்த பையாவோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார். பழைய கேபிளின் முனையை எடுத்துப் புது பவர் சப்ளையில் வைத்துப் பார்த்தேன். சிக்கென்று உட்கார்ந்தது. இவர் சொல்வதெல்லாம் வேதவாக்கா என்ன என்று அப்படியே விட்டேன். தகட்டை மூடினேன். அவர் திரும்பி வந்து, "ஆச்சா?" என்றார். "ஆச்சு சார்" என்றேன். ஜல்தி ஜல்தி என்று நித்யா கை தட்டினாள். அவர் சுவிட்சைப் போட்டார்.

சத்தம்கூடப் பெரிதாக வரவில்லை. ஒரு 'டக்', பிறகு கருகின வாடை. ஐந்து வோல்ட் போக வேண்டிய இடத்தில் பன்னிரண்டு போயிருக்கிறது. வேலை இருந்த டிஸ்கும் போச்சு, அதன் நகல் இருந்த டிஸ்கும் போச்சு. நகலையும் அதே பெட்டிக்குள் வைத்தது மட்டும் அவர் தப்பு. நம்ம சாமானை அடுத்தவன் வீட்டு அலமாரியில் எதற்கு வைக்கணும் என்று இணையத்தில் சேமிக்க விடவில்லை. மிச்சமெல்லாம் என் தப்பு. நேரு பிளேஸ் கம்ப்யூட்டர் கடைத்தெருவில் பிறகு ஒருத்தர் அவற்றைப் பிரித்துப் பார்த்து, உள்ளே பதிவைப் படிக்கும் தலையும் வெந்துவிட்டது என்று கையை விரித்துவிட்டார்.

அவர் தகட்டைத் திறந்தார். பழைய கேபிள் அங்கே இருந்தது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நித்யாவும் பார்த்தாள். யார் இதை மாட்டியது என்று இந்தியில் கேட்டாள். நான் யோசிக்கவே இல்லை. யோசித்துச் சொன்ன பொய்யாக இருந்தால்கூட எனக்கு இன்றைக்கு இவ்வளவு அருவருப்பு இருக்காது. "நான் கேட்டேனே சார், பழைய கேபிளே இருக்கட்டுமான்னு. சிலிண்டர்காரன்கிட்ட பேசிக்கிட்டே இருக்கட்டும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றேன்.

அவர் வாயைத் திறந்தார். நான் காத்திருந்தேன், கிழிக்கப்போகிறார் என்று. அவர் மூடிக்கொண்டார். எனக்கு உள்ளுக்குள் ஜில்லென்று இருந்தது. ஆமாம், சந்தோஷமாக இருந்தது.

அப்பாவை நித்யா இந்திக்காரர்கள் மாதிரி பாப்பா என்றுதான் கூப்பிடுவாள். அன்றைக்கு அவரிடம் சொன்னது ஒரே வாக்கியம். இத்தனை வருஷம் எல்லோரையும் முட்டாள் என்றீர்களே பாப்பா, நீங்கள் யார்? அவளுக்கு அந்த வருஷம் இடம் கிடைக்கவில்லை. அனுப்புவதற்கு அவளிடம் ஒன்றுமே இல்லை. அடுத்த வருஷம் முயற்சி செய்ய மனசும் இல்லை. புனேயில் ஏதோ கம்பெனியில் சேர்ந்து போய்விட்டாள். அம்மா கோமதி அக்காவிடம் மட்டும் போனில் பேசுவாள். அப்பா எடுத்தால் வைத்துவிடுவாள்.

இதை நம்மவர்களிடம் பரப்பியதும் நான்தான். சங்கத்துப் பொங்கல் விழாவில் அவர் கையில் பேப்பர் தட்டோடு நின்றது உங்களுக்கு நினைவிருக்கும். "சார், எங்க வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க, கம்ப்யூட்டர் நல்லா ஓடுது" என்று ஒருவர் சொன்னார். "சொந்தப் பொண்ணு படிப்புக்கே கொள்ளி வச்சவராச்சே" என்று இன்னொருவர். பெயர் சொல்லவில்லை, சொன்னவர்களுக்குத் தெரியும். எல்லோரும் சிரித்தீர்கள். அவரிடம் பட்ட அவமானத்தையெல்லாம் அன்று வசூல் பண்ணிக்கொண்டோம். அவர் சர்க்கரைப் பொங்கலைத் தின்னாமல் தட்டை மடித்துக் குப்பையில் போட்டுவிட்டுப் போனார். ஸ்க்ரூடிரைவர் பையை அதற்குப் பிறகு யாரும் பார்க்கவில்லை.

ஒரு மாதம் கழித்து எனக்கு போன் செய்தார். "ஒரு டாக்டரைப் பாக்கணும் வே, கூட வாரீரா?" கோமதி அக்காவிடம் சொல்ல அவருக்கு வெட்கம். அரசு ஆஸ்பத்திரியில் நரம்பியல் பிரிவுக்கு வரிசை. காலை ஏழு மணியிலிருந்து அவரும் நானும் நின்றோம். எதற்கு என்று கேட்டேன். "இருக்கட்டும்னு சொன்னேன்னு சொல்லுதீருல்லா? எனக்கு அது துளிகூட நெனப்புல இல்ல. மண்டைக்குள்ள ஏதோ ஆரம்பிச்சிருக்கு" என்றார். அந்த இடத்தில் நான் வாயைத் திறந்திருக்கலாம். முன்னால் நாற்பது பேர், மூன்று மணி நேரம் இருந்தது. கேன்டீனில் டீ வாங்கிக் கொடுத்தேன்.

டாக்டர் சின்னப் பெண். நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னாள், கடிகாரம் வரையச் சொன்னாள், ஐந்து சொற்களைச் சொல்லிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்துத் திருப்பிக் கேட்டாள். எல்லாவற்றையும் பட்டுப் பட்டென்று சொன்னார். கடைசியில் அவள் மேஜையில் இருந்த கம்ப்யூட்டரின் மின்விசிறி அடைத்திருக்கிறது என்றும் சொன்னார். அவள் சிரித்து, உங்கள் ஞாபகசக்தி என்னுடையதைவிட நன்றாக இருக்கிறது என்றாள். யாராக இருந்தாலும் சந்தோஷப்பட்டிருப்பார்கள். அவர் முகம் செத்துவிட்டது. ஆட்டோவில், "ஒரு நோயும் இல்லைன்னா, அப்பம் நான் தெரிஞ்சேதான் என் பிள்ளை வாழ்க்கையில மண்ணைப் போட்டேனா?" என்றார். நான், "வயசானா அப்பப்போ இப்படித்தான் சார்" என்று அவர் தோளைத் தட்டினேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். நீர் ஒருத்தர்தான் வே இன்னும் என்கிட்ட வாரீரு என்றார்.

போன மாதம் மாரடைப்பு. நான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூக்கில் குழாய். கோமதி அக்கா மருந்து வாங்கக் கீழே போனதும் என்னைக் கிட்டே வரச் சொன்னார். சிலிண்டர் வந்த அன்றைக்கு நடந்ததை முதலிலிருந்து ஒழுங்காகச் சொன்னார், சிலிண்டரின் எடை உட்பட. அதில் ஒரே ஒரு இடம்தான் அவருக்குக் கிடைக்கவில்லை. "நெசமாச் சொல்லும். இருக்கட்டும்னு நான் சொன்னேனா வே?" என்றார். சாகப்போகிறவர் என்று எனக்குத் தெரியும். "சொன்னீங்க சார்" என்றேன். "சரி. அப்பம் நாந்தான்" என்று சொல்லிவிட்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். மூன்றாம் நாள் போய்விட்டார்.

நித்யா புனேயிலிருந்து வந்தாள். தகனம் முடிந்து மறுநாள், மாடிப்படியில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி வரை பாப்பாவோடு நீங்கள் ஒருத்தர்தான் இருந்தீர்கள் அங்கிள் என்று அழுதாள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அங்கேயே, படியில் நின்றபடி, எனக்குத் தெரிந்த இந்தியில் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. கையை மட்டும் எடுத்துக்கொண்டாள். பாப்பாவுக்குத் தெரியுமா என்று கேட்டாள். தெரியாது என்றேன். அவர் கடைசியாக உங்களிடம் கேட்டபோதும் சொல்லவில்லையா என்று கேட்டாள். இல்லை என்றேன்.

"அச்சா" என்றாள். பதிமூன்றாம் நாள் எங்கள் வீட்டுக்கு வராதீர்கள் என்றாள். சங்கத்தில் ஒரு நினைவு மலர் போடுகிறார்களாமே, அதில் இதை எழுதுங்கள் என்றாள். எனக்குத் தமிழ் படிக்க வராது, பாப்பா கற்றுக்கொடுக்கப் பார்த்தார், நான் கற்றுக்கொள்ளவில்லை. ஆனால் அவரைப் பார்த்துச் சிரித்தவர்கள் எல்லோரும் தமிழ் படிக்கிறவர்கள்தானே, அவர்கள் படிக்கட்டும் என்றாள். என்னை மன்னித்துவிட்டாளா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் யோக்கியதை இல்லை.

அதனால்தான் எழுதினேன். அவர் விட்டுப்போனதில் உங்களிடம் என்ன இருக்கிறதோ எனக்குத் தெரியாது. என்னிடம் இருப்பது அவர் கட்டிலில் கிடந்து கேட்ட அந்த ஒரு கேள்விதான். அது என்னோடுதான் இருக்கும், யாருக்கும் கொடுக்கவும் முடியாது. பதிலை உங்கள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன்.

இல்லை சார். நீங்கள் சொல்லவில்லை.