அவர் பிடிக்காமல் விட்ட கால்

சில வருடங்களுக்கு முன், ஒரு மாசி மாதப் பிற்பகல். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு அந்தப் பக்கம் ஓர் ஊரில் கபடி ஆடிவிட்டு, தோளில் பையோடு மலை ரோட்டில் இறங்கி நடந்துகொண்டிருந்தேன். நடந்தேன் என்று சொல்வதே அதிகம். இடது காலை ஊன்றினால் முட்டி அதன் இஷ்டத்துக்கு ஒரு பக்கமாகப் போனது. முதல் திருப்பம் வந்து மைதானம் கண்ணுக்கு மறைகிற வரைக்கும் நிமிர்ந்து நடந்துவிட வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. மறைந்ததும் ரோட்டோரத் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன்.

என்னை ஆட அழைத்து வந்த டீமின் வேன் கொஞ்ச நேரத்தில் பின்னாலேயே வந்தது. திருப்பத்துக்காக வேகத்தைக் குறைத்தார்கள். எனக்காக இல்லை. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. என் தொழிலில் அது வழக்கம்தான். ஜெயித்தால் கேட்ட இடம்வரை கொண்டுவந்து இறக்கிவிடுவார்கள், வழியில் பிரியாணி வாங்கிக் கொடுப்பார்கள். தோற்றால் அவரவர் பாடு.

என் தொழில் என்று எதைச் சொல்கிறேன் என்று விளக்கிவிடுகிறேன். நான் மணலூர்பேட்டைப் பக்கத்துக்காரன். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். செங்கல் சூளை, பேக்கரி, கரும்பு வெட்டு என்று ஓர் இடத்தில் நிலைக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன். கபடி மட்டும் நன்றாக வரும். மூங்கில்துறைப்பட்டு சர்க்கரை ஆலை வாசலில் கரும்பு வண்டிகள் வரிசையில் காத்துக் கிடக்கும்போது, வண்டிக்காரர்கள் பொழுதுபோகாமல் கோடு கிழித்து ஆடுவார்கள். அங்கே என் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு ஓர் ஊர்க்காரர்கள் தங்கள் டீமுக்கு ஆட அழைத்துப் போனார்கள். அப்படியே காசுக்கு வெளியாளாக ஆடுவதே பிழைப்பாகிவிட்டது. பொங்கல் முடிந்து கோடை வரைக்கும் எங்காவது ஒரு போட்டி இருக்கும். போன் வரும், போவேன், அந்த ஊர் பனியனைப் போட்டுக்கொண்டு ‘கபடி கபடி’ என்று எதிர் டீமுக்குள் பாடிப் போவேன். மைக்கில் என்னை அந்த ஊர் வீரர் என்றே சொல்வார்கள். ஒரே மாதத்தில் நாலைந்து ஊருக்கு நான் மண்ணின் மைந்தன். கேட்க எனக்கே சிரிப்பாக இருக்கும்.

அந்த மலைப் போட்டிக்கு ஒரு வருடம் முந்தி, எலவனாசூர்கோட்டையில் ஆடும்போது இடது முட்டிக்குள் ஏதோ அறுந்தது. டாக்டர் பார்த்துவிட்டு ஜவ்வு கிழிந்திருக்கிறது, இனி ஆடாதே என்றார். ஆடாமல் என்ன செய்வது என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. யாரிடமும் சொல்லாமல் ஆடிக்கொண்டே இருந்தேன். வெளியாளுக்குக் கால் போய்விட்டது என்று ஒரு டீமுக்குத் தெரிந்தால் போதும், அடுத்த நாளே மாவட்டம் முழுக்கத் தெரிந்துவிடும். பிறகு போன் வராது.

இங்கே எங்கள் ஆட்களின் ஒரு வேலையைச் சொல்ல வேண்டும். முட்டியில் அடிபட்டவன் ரப்பர் முட்டி கேப் போட்டுக்கொண்டு ஆடுவான். ஆனால் வலிக்கிற காலில் போட மாட்டான். நல்ல காலில் போடுவான். பிடிக்கிறவர்கள் கேப்பைப் பார்த்ததும் ‘இதுதான் கெட்ட கால்’ என்று அதையே குறிவைத்துப் பாய்வார்கள். அது நல்ல கால், நின்று தாங்கும். நான் என் வலது காலை அப்படிக் கொடுத்துவிட்டு, பிடித்தவர்களையும் சேர்த்து இழுத்துக்கொண்டு வந்து நடுக்கோட்டைத் தொட்டிருக்கிறேன். ஒரு வருடம் இப்படியே ஓட்டினேன். என் இடது காலை யாரும் சீண்டவில்லை.

மலையில் விளக்கு வசதி இல்லாததால் பகலிலேயே ஆட்டத்தை வைத்திருந்தார்கள். அறுவடை முடிந்த ஒரு மேட்டு நிலத்தைச் செதுக்கி, தண்ணீர் தெளித்துத் தயார்செய்திருந்தார்கள். அரை இறுதியில் எங்களுக்கு எதிரே அந்த ஊர் டீமே வந்தது. எல்லோரும் அந்த ஊர்க்காரர்கள், வெளியாள் ஒருவரும் இல்லை. அவர்கள் பிடிக்கிற வரிசையின் ஓரத்தில் ஒருவர் நின்றார். என்னைவிட இரண்டு மூன்று வயது குறைவாக இருக்கும். குட்டை, ஆனால் உரல் மாதிரி உடம்பு. நான் பாடிப் போனபோது இரண்டு தடவை என் வலது கால் அவர் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருந்தது. நான்தான் அப்படி வைத்தேன். அவர் குனிந்தார், கை நீட்டினார், பிறகு கையை எடுத்துக்கொண்டார். எனக்கு அவர் பயப்படுகிறார் என்று தோன்றியது. மூன்றாம் தடவை உள்ளே போகும் முன், கோட்டுக்கு இந்தப் பக்கம் நின்றே வேண்டுமென்று சீண்டினேன்.

“இன்னாபா, தொடவே கூச்சப்பட்டுக்கினு நிக்கிற? பொண்ணு பாக்க வந்தியா?”

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். நான் பாடிக்கொண்டு உள்ளே நுழைந்ததும் தரையோடு தரையாகப் பாய்ந்து என் இடது கணுக்காலைப் பிடித்தார்.

சுத்தமான பிடி. அதில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது. நான் வழக்கம்போல உடம்பைத் திருகிக்கொண்டு கோட்டுப் பக்கம் பாய்ந்தேன். பாதம் அவர் கையில் நின்றுவிட்டது, உடம்பு திரும்பிவிட்டது, நடுவில் முட்டி மட்டும் என்ன செய்வதென்று தெரியாமல் மாட்டிக்கொண்டது. கரும்பைத் தொடையில் வைத்து ஒடிக்கிறமாதிரி ஒரு சத்தம். எனக்குக் கேட்டது. அவருக்கும் கேட்டிருக்கிறது. உடனே இரண்டு கையையும் எடுத்துவிட்டார். அவருடைய ஆட்களே ஏன் விட்டாய் என்று அவரைத் திட்டினார்கள். கோடு எனக்கு ஒரு முழ தூரத்தில் இருந்தது. கையை நீட்டித் தொட்டிருந்தால் பிழைத்திருப்பேன். ஆனால் நான் கத்திவிட்டதில் பாட்டு அறுந்துபோய்விட்டது. நடுவர் விசில் ஊதினார்.

எங்கள் கேப்டன் ஓடி வந்து, ஆட முடியுமா என்று மட்டும் கேட்டார். சுளுக்குதான், கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்றேன். உட்கார்ந்தேன், ஆனால் வரவில்லை. நாங்கள் தோற்றோம். எனக்குப் பஸ் இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். பஸ் எப்போது வரும் என்பது எனக்குத் தெரியாது. நான் நொண்டுவதை அவர்கள் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான்.

வேன் போன பிறகு அந்தத் தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருந்தபோதுதான் பின்னால் யாரோ ஓடிவரும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவர். உடம்பில் மண்கூடத் தட்டவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நின்றார்.

“ணா, இந்தக் காலோட எங்க போய்க்கினு இருக்கீங்க?”

ஒன்றுமில்லை, சரியாகிவிடும் என்றேன். அவர் நம்பவில்லை. குனிந்து என் முட்டியைப் பார்த்தார். அது அதற்குள் பலாக்காய் போல வீங்கியிருந்தது. அவர் முகம் சுருங்கிவிட்டது.

“நெஜமா தெரியாம பண்ணிட்டேங்ணா. வலது முட்டியில கேப் போட்டுக்கினு வந்தீங்க. பாவம், அந்தக் கால்ல ஏதோ அடி போலன்னு நெனச்சேன். அதப் புடிச்சா வலிக்குமேன்னுதான் வுட்டுட்டு வுட்டுட்டு வந்தேன். அதான் இந்தக் காலப் புடிச்சேன்.”

இத்தனை வருட ஆட்டத்தில் நான் எத்தனையோ ஆட்களைப் பார்த்திருக்கிறேன். கெட்ட காலைத் தேடிப் பிடிக்கிறவன், பிடித்த பிறகு திருகுகிறவன், விசிலுக்குப் பிறகும் விடாதவன். எல்லோருக்கும் என்னிடம் ஒரு பதில் இருந்தது. வலிக்குமே என்று ஒதுங்கிப் போகிற ஆள் ஒருவர் எதிரே வந்து நிற்பார் என்று நான் நினைத்ததே இல்லை.

சும்மா இருந்திருக்கலாம். ஆனால் அவர் அப்படி நிற்பதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. தப்பு அவருடையது இல்லை என்று அவருக்குத் தெரிந்தால் மனம் ஆறுவார் என்று நினைத்தேன்.

“கேப் போட்டது நல்ல காலு,” என்றேன். “கெட்டது இதுதான். ஏமாத்தத்தான் அதுல போட்டுக்கினேன்.”

அவர் என்னையே பார்த்தார். பிறகு சுவரின் மேல் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அப்போ நான் எந்தக் காலைத்தாங்ணா புடிச்சிருக்கணும்?”

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டார்.

அவர் போன் விடாமல் அடித்துக்கொண்டிருந்தது. இறுதி ஆட்டம் தொடங்கப்போகிறது, எங்கே போனாய் என்று அவருடைய ஆட்கள் சத்தம் போடுவது எனக்கே கேட்டது. வரவில்லை என்று ஒரே வார்த்தை சொல்லிவிட்டுப் போனைப் பாக்கெட்டில் போட்டார். போங்கள், ஆடுங்கள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று எவ்வளவோ சொன்னேன். காதில் வாங்கவில்லை. கள்ளக்குறிச்சிக்குப் புளி ஏற்றிக்கொண்டு ஒரு வண்டி இறங்கி வந்தது. தெரிந்த வண்டி போலிருக்கிறது, கையைக் காட்டி நிறுத்தினார். டிரைவரோடு சேர்ந்து என்னைத் தூக்கிப் புளி மூட்டைகளின் மேல் படுக்க வைத்தார். தானும் ஏறி, ஒவ்வொரு திருப்பத்திலும் என் கால் ஆடாமல் மடியில் பிடித்துக்கொண்டு வந்தார். ஒரு மணி நேரத்துக்கு முன்னால் என்னைப் பிடித்த அதே கைகள். இப்போது பிடித்திருப்பதே தெரியாதமாதிரி பிடித்திருந்தன.

கள்ளக்குறிச்சியில் டாக்டர் பார்த்தார். ஆடக் கூடாது என்று முன்பே சொன்னார்களா இல்லையா என்று கேட்டார். சொன்னார்கள் என்றேன். இனிமேல் ஓடுவது, குதிப்பது எதுவும் இல்லை, வீக்கம் வற்றிய பிறகு ஆபரேஷனுக்கு வா என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார். எனக்குப் புதிதாக ஒன்றும் இல்லை. ஆனால் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தவர் தலையைத் தூக்கவே இல்லை.

வெளியே வந்ததும் அவர், எங்கே போவீர்கள் என்று கேட்டார். ஓர் ஊர்ப் பெயரைச் சொல்ல வாயெடுத்தேன். அங்கே எனக்கு யாரும் இல்லை என்பது நினைவுக்கு வந்தது. குனிந்து கட்டைச் சரிசெய்துகொண்டேன். அவருக்குப் புரிந்துவிட்டது. புளி இறக்குகிற மண்டிக்கே என்னைக் கூட்டிப்போனார். அவர் வருடாவருடம் தன் மரத்துப் புளியைக் கொண்டுவந்து போடும் இடம். முதலாளி பாய் என் கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு என்னைக் கூட்டிவந்தவரிடம் பேசினார்.

“உக்காந்துக்கினே செய்ற வேலை ஒண்ணுதான் இருக்கு. புளி தட்டணும். எல்லாம் பொம்பளைங்க. கூலியும் கம்மி. செய்வாரான்னு கேளு.”

செய்கிறேன் என்று நானே சொன்னேன். மூட்டைகளுக்கு நடுவே படுத்துக்கொள்ள இடம் கொடுத்தார்கள். என்னோடு வந்தவர் வெளியே போய் இட்லி வாங்கிவந்து என் பக்கத்தில் வைத்துவிட்டு, அதே வண்டியில் திரும்பக் கிளம்பினார். அவர் வாசலைத் தாண்டும்போது, உங்கள் பிடி நல்ல பிடி, இதற்காக ஆட்டத்தை விட்டுவிடாதீர்கள் என்றேன். அவர் தன் உள்ளங்கையை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

“கையில அந்தச் சத்தம் இருக்குதுங்ணா,” என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார்.

அதற்குப் பிறகு அவர் களத்தில் இறங்கவே இல்லை என்று புளி கொண்டுவந்த மலைக்காரர் ஒருவர் பின்னால் சொன்னார். ஆட்டமே பிழைப்பாக இருந்த எனக்காவது அது ஒருநாள் போய்த்தான் ஆகவேண்டும். அவர் ஆசைக்கு ஆடியவர். அவருக்கும் என்னோடு சேர்ந்து போய்விட்டது.

மறுநாள் காலை பெண்கள் வந்துவிட்டார்கள். எனக்கு ஒரு கருங்கல்லும், தட்டுகிற கட்டையும், ஒரு குவியல் ஓடு நீக்கிய புளியும் கொடுத்தார்கள். நாரை உரிக்க வேண்டும், கல்லில் வைத்துத் தட்டிக் கொட்டையைப் பிதுக்கி எடுக்க வேண்டும். நான் அடித்த அடியில் கொட்டை உடைந்து புளியோடு கலந்துவிட்டது. இன்னாப்பா, கல்லோட சண்டை போடுறியா என்று பக்கத்தில் இருந்த அம்மா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். மெதுவாகத் தட்டப் பழகினேன். கொஞ்ச நேரம் கழித்து அந்த அம்மா என் காலைப் பார்த்து, ரொம்ப வலிக்குதா என்றார். இல்லை என்று சொல்லத்தான் வாய் போனது. வலிக்குது என்றேன். அவர் ஒரு காலிச் சாக்கைச் சுருட்டி என் முட்டிக்கு அடியில் வைத்துவிட்டுத் தன் வேலையைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார். மத்தியானம் வரை நான் தலை நிமிராமல் புளி தட்டினேன். கால் பிறகு ஒருவழியாக ஆறி, இப்போது நடக்கிறேன், வேலை செய்கிறேன். ஆனால் வலிக்காமல் பிடிக்கப் பார்த்த ஒரே மனிதருக்கு நான் தப்பான காலைக் காட்டிவிட்டேனே என்பது மட்டும் இன்னும் ஆறவில்லை.