மங்களத்துக்குப் பிறகு ஓர் ஆட்டம்

என் அப்பா உட்கார்ந்து சாப்பிட்டு நான் பார்த்ததில்லை. நாகல் நகர் வீட்டில் ஒரு காலை வாசற்படிக்கு உள்ளேயும் இன்னொரு காலை வெளியேயும் வைத்துக்கொண்டு, தட்டைக் கையில் ஏந்தி, தொட்டுக்கொள்ள வெஞ்சனம் கூடக் கேட்காமல் விழுங்குவார்.

"பின்னால போலீசா வருது?" என்பார் அம்மா.

"பஸ்ஸு வருது" என்பார் அப்பா. கை கழுவும் சத்தம் தெருவிலிருந்து கேட்கும்.

திருவிழாக்களில் கதம்ப நிகழ்ச்சி நடத்துவது அவர் தொழில். நோட்டீசில்தான் கதம்ப நிகழ்ச்சி. ஜனங்கள் வாயில் அது வெரைட்டி. கரகம், பபூன், பலகுரல், மேஜிக், ஒற்றைச் சக்கர சைக்கிள், சினிமாப் பாட்டுக்கு ஆட்டம், எல்லாம் ஒரே மேடையில் அடுத்தடுத்து வரும்.

குஜிலியம்பாறைப் பக்கம் மானாவாரிக் காடு வைத்திருந்த குடும்பம் அவருடையது. வானத்தை அண்ணாந்து பார்த்து அலுத்துப்போய், மீசை முளைக்கும் முன்பே ஒரு நாடகக் கம்பெனியோடு கிளம்பிவிட்டார். படுதா இழுக்கும் வேலை கிடைத்தது. படுதா இழுக்கிறவருக்கு மேடை தெரியாது, ஓரத்திலிருந்து ஜனங்களின் முகம் மட்டும் தெரியும். ராஜா நீட்டி முழக்கும்போது பீடி பற்றவைக்க எழுந்து போனவர்கள், பபூன் குரல் கேட்டதும் வேட்டியை மடித்துக்கொண்டு ஓடிவருவதை அவர் வருஷக்கணக்காகப் பார்த்தார். டூரிங் டாக்கீஸ்கள் வந்து கம்பெனி கலைந்தபோது மற்றவர்கள் அழுதார்களாம். அப்பா பபூனையும் ஆர்மோனியக்காரரையும் கூட்டிக்கொண்டு திண்டுக்கல்லில் இறங்கிவிட்டார்.

"ராஜா இல்லாம கதை ஏதுய்யா?" என்று ஆர்மோனியக்காரர் கேட்டிருக்கிறார்.

"கதை யாருக்கு வேணும்? ஒருத்தன் எந்திரிச்சுப் போகக் கூடாது. அம்புட்டுத்தான்."

அதற்கு ஒரு வழியும் கண்டுபிடித்தார். ஆட்டம் தொடங்கியதும் கூட்டத்தின் நடுவே போய் நின்றுகொள்வார். அவர் கையிலிருந்து ஒரு சணல் கயிறு தரையோடு ஓடி மேடை ஏறி ஆர்மோனியக்காரரின் கால் கட்டைவிரலில் முடிந்திருக்கும். யாராவது கொட்டாவி விட்டால் போதும், கயிறு இழுபடும். ஒரு இழுப்புக்கு 'இதை முடி'. இரண்டு இழுப்புக்கு 'அடுத்ததை விடு'. மூன்று இழுத்தால் மங்களம்.

எங்கள் வீட்டில் எழுத்துத் தெரிந்த முதல் ஆள் நான். நான் பதினொன்றாம் வகுப்பு தேறியபோது, வேடசந்தூர்ப் பக்கத்து ஊர் ஒன்றில் கரகத்துக்கும் மேஜிக்குக்கும் நடுவே அப்பா மைக்கைப் பிடுங்கி, "எம்மக பதினொன்னு பாஸு!" என்றார். பபூன் உடனே குட்டிக்கரணம் போட்டார். கூட்டம் கை தட்டியது. எனக்கா, குட்டிக்கரணத்துக்கா என்று கேட்டால், எனக்குத்தான்.

பிறகு ஆசிரியப் பயிற்சி முடித்து வேலைக்கும் போனேன். அந்த வருஷம்தான் ஒட்டன்சத்திரம் பஸ் ஸ்டாண்டில் அப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தார். இனி அலைந்தால் ஆள் தங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். என் சம்பளத்தில் வீடு நடக்கும் என்று நான் சொன்னேன். அம்மா வார்த்தையோடு விடவில்லை. அப்பாவை உள்ளங்கையால் சூடத்தை அணைக்க வைத்துச் சத்தியம் வாங்கினார். ஏற்கெனவே ஒப்புக்கொண்ட கன்னிவாடி ஆட்டம்தான் கடைசி. அங்கே வேறு யாரிடமும் வெற்றிலை வாங்கக் கூடாது. எங்கள் பக்கம் வெற்றிலை பாக்கை வாங்கிவிட்டால் அடுத்த ஆட்டத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம். அதைக் கண்காணிக்கத்தான் என்னை அனுப்பினார்.

கன்னிவாடியில் போய் இறங்கியதும் எனக்குத் திக்கென்றது. குஜிலியம்பாறையிலிருந்து அப்பாவின் சொந்தக்காரர் ஒருவர் வெற்றிலைத் தட்டோடு வந்து காத்திருந்தார். "எங்க ஊருல பொறந்த மனுசன், எங்க கோயிலுக்கு மட்டும் ஒரு வெரைட்டி நடத்தலையே" என்றார். அப்பா அவர் பக்கம் திரும்பவே இல்லை. திரும்பாமல் இருக்க அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. நானும் ஓரிடத்தில் நிற்க முடியாமல் மேடையைச் சுற்றிச் சுற்றி வந்தேன்.

கரகம் முடிந்து பலகுரல் நடந்துகொண்டிருந்தபோது, சுண்டல் விற்றுக்கொண்டு வந்தவரின் காலில் கயிறு சிக்கிக்கொண்டது. அவர் காலை உதறினார். விடவில்லை. மறுபடி உதறினார். மூன்றாவது உதறலில் கயிறு விடுபட்டது. கண்ணை மூடி வாசிக்கும் ஆர்மோனியக்காரர் கண்ணைத் திறக்காமலே மங்களம் பாட ஆரம்பித்துவிட்டார்.

அப்பா கூட்டத்தைத் தாண்டிக்கொண்டு ஓடி வருவதற்குள் பாட்டு முடிந்து தீபாராதனையும் ஆகிவிட்டது. மைக்கில் அறிவிக்கிறவரும் ஆட்டம் முடிந்ததென்று கடைசி பஸ்ஸைப் பிடிக்க ஓடிவிட்டார்.

"நான் இன்னும் மூஞ்சியில மாவே பூசி முடிக்கல, அதுக்குள்ள மங்களமா?" என்று பபூன் பாதி வெள்ளை முகத்தோடு வந்து நின்றார்.

"மேஜிக் எங்கப்பா?" என்று கூட்டம் கத்தியது. ஊர்ப் பெரியவர் கையை உயர்த்தினார். "மங்களம் பாடுன மேடையில மறுபடி சலங்கை கட்டக் கூடாது. ஊருக்கு ஆகாது."

அவர் சொன்னது எல்லா நாடகக்காரர்களுக்கும் தெரிந்ததுதான். அப்பா கயிற்றைக் கீழே போட்டார். மேஜிக் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஆட்டம் நடக்கும் இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"போதும் தாயி" என்றார். "என் கடைசி ஆட்டம் சுண்டலோட போச்சு."

நான் மேடையேறி மைக்கைப் பிடித்தேன். யோசித்துச் செய்ததில்லை. "பெரியோர்களே, தாய்மார்களே! முதல் ஆட்டம் இனிதே நிறைவடைந்தது. இரண்டாம் ஆட்டம் இன்னும் சற்று நேரத்தில் ஆரம்பமாகும்."

பெரியவர் முறைத்தார். "இது என்னத்தா புதுப் பழக்கம்?"

"டாக்கீஸில ரெண்டு ஆட்டம் நடக்கலையாங்கய்யா? முடிஞ்சதுக்குத்தான் மங்களம் பாடியாச்சு. இது வேற ஆட்டம். புதுசா தேங்கா ஒடைங்க, சாமி பாட்டுலருந்து ஆரம்பிக்கிறோம்."

"படிச்ச புள்ள, நல்லாத்தான் வாயடிக்குது" என்று பெண்கள் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. பெரியவர் சிரித்துவிட்டார். தேங்காய் உடைந்தது. அப்பா கயிற்றை எடுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் போனார். அன்று ஒவ்வொரு அங்கத்தையும் நான்தான் அறிவித்தேன். அடுத்தது என்ன, அடுத்தது என்ன என்று என் உடம்பே பரபரத்தது. ஒருவரும் எழுந்து போகவில்லை.

இந்த முறை முறைப்படி மங்களம் பாடி இறங்கியதும் குஜிலியம்பாறைக்காரர் தட்டை நீட்டினார். அப்பா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். "நான் சத்தியம் பண்ணவன். என்னால ஆகாது" என்றவர், என்னைப் பார்க்காமலே, "எம்மகளக் கேட்டுப் பாருங்க" என்றார்.

நான் வாங்கிக்கொண்டேன்.

விடிந்து வீட்டுக்குள் நுழைந்ததும் அம்மா கேட்டார்: "முடிஞ்சதா?"

"எனக்கு முடிஞ்சிருச்சு" என்றார் அப்பா.

அம்மா என் கையிலிருந்த வெற்றிலையைப் பார்த்தார். "அப்ப, டீச்சரு வேல?"

"அது பகல்லதானம்மா."

அப்பா காப்பி டம்ளரோடு வாசற்படியில் நின்று, குஜிலியம்பாறைக்கு எந்த பஸ் தோது என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"அந்த மனுசன மொதல்ல உக்காரச் சொல்லு" என்றார் அம்மா. "பெறகு உங்கிட்டப் பேசிக்கிறேன்."