ஹந்தானை யோகராஜின் தராசு

கண்டி நகருக்கு மேலே ஹந்தானைத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் வரிசைக் குடியிருப்பில், லயன் அறையொன்றில், 1983ஆம் ஆண்டு பிறந்த யோகராஜ், இன்று நகரிலுள்ள வைத்தியசாலை ஒன்றின் சத்திரசிகிச்சைக் கூடத்தில் சிற்றூழியர். பதவிப் பெயர் சிறியதுதான். ஆயினும் இடுப்பெலும்பு முறிந்து அங்கே கிடத்தப்படும் முதியவர் ஒவ்வொருவரும் எவ்வளவு இரத்தம் இழந்தார் என்பதை நிறுத்துச் சொல்பவர் அவரே. அவர் சொல்லும் எண்ணை வைத்தே மருத்துவர்கள் முடிவெடுக்கிறார்கள். அந்த மதிப்பு அவருக்கு ஒரு தவறின் வழியாகத்தான் வந்தது.

வைத்தியசாலைக்கு வருமுன் ஆறு ஆண்டுகள் அவர் தோட்டத்தில் பறித்த தேயிலையை நிறுக்கும் கொழுந்து மடுவத்தில் தராசு பிடித்தவர். மழை நாளில் தொழிலாளர் பறித்த எடையில் ஈரத்துக்கென்று இரண்டு கிலோ கழிப்பார்கள். வெயில் நாளில் சாக்குக்கென்று அதே இரண்டு கிலோவைக் கழிப்பார்கள். கழிபட்ட கொழுந்துகளில் அவருடைய தாயார் நல்லம்மா பறித்ததும் அடக்கம். கழித்தல் என்றாலே களவு என்று யோகராஜின் மனத்தில் ஊறிப்போயிருந்தது.

கூடத்தில் இரத்தம் ஒற்றிய கோஸ் துணிகளை நிறுக்கும் வேலை 2019இல் அவரிடம் வந்தது. ஈரத்துணியின் எடையிலிருந்து காய்ந்த துணியின் எடையைக் கழித்தால், மிஞ்சும் ஒரு கிராமுக்கு ஏறக்குறைய ஒரு மில்லிலீற்றர் இரத்தம். முதல் வாரம் முழுவதும் அவர் கழிக்கவேயில்லை. மயக்கமருந்து மருத்துவர் சுகிர்தா அவர் எழுதிய தாளைப் பார்த்துத் திகைத்தார்.

"என்ன யோகராஜ், இந்த மனுசியின்ர உடம்பில இருந்த ரத்தமெல்லாம் துணிக்குள்ள வந்திட்டுதோ? துணியின்ர பாரத்தைக் கழிக்கேல்லையோ?"

"கழிக்கிற வேலை எனக்கு வேணாம் டொக்டர். அந்தப் பாவத்தைத் தோட்டத்துலயே பாத்துட்டேன்."

சுகிர்தா வாய்விட்டுச் சிரித்தார். பிறகு ஒரு காய்ந்த துணியைத் தராசில் வைத்துக் காட்டினார். பதினெட்டுக் கிராம். யோகராஜ் அடுத்த துணியை வைத்தார், இருபத்தொன்று. அன்றிலிருந்து எந்தத் துணிப் பொதியையும் அதன் மேல் எழுதியிருக்கும் எடையை நம்பி அவர் ஏற்றதில்லை. சிகிச்சைக்கு முன்பே ஒவ்வொரு பொதியையும் நிறுத்து, உறையில் பென்சிலால் குறித்து வைப்பது அவர் தாமே வகுத்துக்கொண்ட முறை. பக்கத்துக் கூடத்தாரும் அதை வந்து பார்த்து, தங்களிடமும் கொண்டுவந்தார்கள்.

2024 ஒக்டோபரில், அக்குறணையில் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்த ஆஸியா உம்மாவைக் கொண்டுவந்தார்கள். வயது எண்பத்தொன்று. உடலில் ஏற்கெனவே இரத்தம் குறைவு, இதயமும் பலவீனம். அவருடைய அரிய இரத்த வகையில் வைத்தியசாலையில் இருந்தது ஒரேயொரு பை. அடுத்த பை கொழும்பிலிருந்து வரவேண்டும். காத்திருந்தால் படுக்கைப்புண்ணும் சளியும் முந்திக்கொள்ளும். ஆகவே கையிலிருந்த ஒரு பையுடன் சிகிச்சையைத் தொடங்குவதென முடிவாயிற்று. இழப்பு ஐந்நூறு மில்லிலீற்றரைத் தாண்டினால் பையை ஏற்றுவது. தாண்டாவிட்டால் தொடாமல் வைப்பது. தேவையின்றி ஏற்றினால் அந்தத் தளர்ந்த இதயம் தாங்காது. இரவில் இரத்தம் கசிந்தால் கொடுக்கவும் ஒன்றுமிராது.

ஊசியால் இடுப்புக்குக் கீழே மட்டும் மரத்திருந்த உம்மா விழித்தே இருந்தார். தராசு அவர் கண்ணில் பட்டது.

"மகன், என்னையா நிறுக்கப் போற?"

"உங்கள நிறுக்க இந்தத் தராசு பத்தாது உம்மா."

"அடேய், நான் அவ்வளவு பாரமில்ல!"

கீறலுக்கு முன்பே டிரனெக்சாமிக் அமிலம் நரம்பு வழியே செலுத்தப்பட்டது. உறைந்த இரத்தத்தைக் கரையவிடாமல் காத்து, கசிவைக் குறைக்கும் மருந்து அது. முறிந்த எலும்புத் தலை வெளியே வந்தபோது, காயத்திலிருந்து இரத்தத்தை உறிஞ்சிச் சேர்க்கும் போத்தலில் நூற்றைம்பது, துணிகளில் நூற்றுத் தொண்ணூறு, ஆக முந்நூற்று நாற்பது. பின்னர் எலும்பின் உட்குழியை ஐந்நூறு மில்லிலீற்றர் உப்புநீரால் கழுவினார்கள்.

கழுவி ஒற்றிய ஐந்து துணிகளின் நிகர எடை இருநூற்று இருபது. தாதி அதை முன்னைய முந்நூற்று நாற்பதுடன் அப்படியே கூட்டிப் பலகையில் எழுதினார்: ஐந்நூற்று அறுபது.

சுகிர்தா எழுந்தார். "சரி, பையை ஏத்துவம்."

"டொக்டர், பொறுங்க!" யோகராஜின் குரல் அவர் நினைத்ததைவிட உரக்க ஒலித்தது. சத்திரசிகிச்சை நிபுணரும் தலையை நிமிர்த்தினார். "அந்த அஞ்சு துணியிலயும் தண்ணி இருக்கு. கழிக்கணும்."

"கழிக்கிறதோ? நீங்களோ சொல்லுறியள்?"

"நான்தான் சொல்றேன். ஊத்துனது ஐநூறு. போத்தல்ல ஏறுனது முந்நூத்தி முப்பது. மிச்சம் நூத்தி எழுபது எங்க போச்சு? இந்தத் துணியிலதான். இருநூத்தி இருபதுல அதக் கழிச்சா, ரத்தம் வெறும் அம்பது."

கழுவிய துணிகளை அவர் முன்பே தனித்தட்டில் வைத்திருந்தார். இளஞ்சிவப்பாய் வெளிறிக் கிடந்தன. போத்தலின் முன்னளவும் பின்னளவும் நேரத்துடன் தாளில் இருந்தன. முந்நூற்று நாற்பதுடன் ஐம்பது, முந்நூற்றுத் தொண்ணூறு.

சுகிர்தா நாடியையும் அழுத்தத்தையும் பார்த்தார். இரண்டும் நிலையாக இருந்தன. நிபுணர் காயத்தை ஒற்றிப் பார்த்து, "கசிவு இல்லை" என்றார். ஆயினும் சுகிர்தா விரல் நுனியிலிருந்து ஒரு துளி எடுத்துச் சோதித்தார். அந்தச் சில விநாடிகளில் யோகராஜ் தாளிலிருந்த அளவுகளை மறுபடி கூட்டிப் பார்த்தார். தம் கணக்குப் பிழைத்தால் உயிர் போவது அந்த மேசையில் கிடப்பவருக்கு. ஹீமோகுளோபின் ஒன்பது தசம் ஒன்றிலிருந்து எட்டு தசம் நான்குக்கு இறங்கியிருந்தது. இரத்தம் ஏற்றவேண்டிய எல்லை எட்டு.

"ஓம், சரிதான்," என்று சுகிர்தா பையை எடுத்து, குளிர்பெட்டியில் திரும்ப வைக்கச் சொன்னார். பலகையில் இருந்த எண்ணைத் தாதி தாமே அழித்துத் திருத்தினார்.

சிகிச்சை முடிந்து சுகிர்தா வெளியே வந்தபோது, உடன் வரும்படி யோகராஜையும் அழைத்தார். உம்மாவின் மகன் நபீல் பதற்றத்துடன் ஓடிவந்தார்.

"டொக்டர், உம்மாக்கு எப்பிடி ஈக்கி? ரத்தம் கனக்கப் போச்சா?"

"உம்மா நல்லா இருக்கிறா. ரத்தக் கணக்கை இவரிட்டக் கேளுங்கோ."

நீலச் சட்டையில் நின்ற சிற்றூழியரை நபீல் மேலும் கீழும் பார்த்தார். யோகராஜ் முதுகை நிமிர்த்திக்கொண்டார்.

"முந்நூத்தித் தொண்ணூறு மில்லிலீற்றர். ஒரு சின்ன சோடாப் போத்தல்கூட நெறையல. அந்த ஒத்தப் பையையும் ஒடைக்காம வச்சிருக்கோம்."

"சரியான கணக்கா அண்ணன்?"

"நிறுத்துப் பாத்தது நான்தான்," என்றார் யோகராஜ்.