எட்டாவது கல்

பல்லடத்துக்குத் தெற்கே எங்களுக்கு முக்கால் ஏக்கர் கொறங்காடு இருக்கிறது. நாலு வெள்வேல மரம், கொழுக்கட்டைப் புல்லு, மேய்வதற்கு இரண்டு ஆடு. வடகோடி மரத்தடியில் கன்னிமார் இருக்கிறார்கள். வெறும் கல்தான். வரிசையாக நட்டு, சுண்ணாம்பு அடித்து, மஞ்சள் பூசி, ஆடி நோம்பிக்கு ஆளுக்கொரு இலை போட்டுப் பச்சைமாவு வைப்போம். எட்டுக் கல், எட்டு இலை. இலை அறுத்துவருவது சின்ன வயதிலிருந்து என் வேலை. அதனால் எண்ணிக்கை எனக்கு மறக்காது.

உச்சிவெயிலில் கிணற்றுப் பக்கம் போனால் அம்மா பின்னாலிருந்து கத்துவாள். "செருமிட்டுப் போ சாமி. கன்னிமாரு தண்ணி வாத்துட்டு இருப்பாங்க. அவங்க சீலையெடுத்துக் கட்டறதுக்கு நேரங் குடுக்கோணுமில்ல?" இன்றைக்கும் எந்த ஊரில் கிணற்றைப் பார்த்தாலும் எனக்குத் தொண்டை தானாகச் செருமும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அப்பா தறி ஓட்டுகிறார். அம்மா கோழிப்பண்ணையில் முட்டை அடுக்குகிறாள். நான் கோயமுத்தூரில் கல்லூரியில் சேர்ந்து சினிமா படித்தேன். படிப்பு முடிந்து இரண்டு வருடம் கல்யாண வீடியோ எடுத்தேன். அதில் மிச்சம் பிடித்ததை வைத்துச் சொந்தமாக ஒரு குறும்படம் எடுக்கலாமென்று உட்கார்ந்தபோது கையில் வேறு கதையே வரவில்லை. கன்னிமார்தான் வந்தார்கள். மில்லில் ஷிஃப்ட் முடிந்து வரும் ஒரு பெண் செருமாமல் கிணற்றடிக்குப் போய்விடுகிறாள். அவர்கள் அவளைத் திட்டவில்லை. நகர்ந்து இடம் கொடுக்கிறார்கள்.

கதையில் கன்னிமார் எட்டுப் பேர் என்று எழுதியிருந்தேன். ஒளிப்பதிவு செய்ய ஒப்புக்கொண்ட தோழி படித்துவிட்டுச் சிரித்தாள். "சப்த கன்னியர்னா ஏழுடா. எட்டாவது யாரு, நீயா? பாக்கறவன் கதைய விட்டுட்டு எண்ணிட்டு உக்காந்திருப்பான்."

எனக்கு முகம் சுருங்கிப்போனது. கல்லூரிக்கு வந்த புதிதில் பலமுறை அப்படிச் சுருங்கியிருக்கிறது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது என்று நினைத்து ஒன்றைச் சொல்வேன். அது தப்பாக இருக்கும். அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"ஏனுங்மா, நம்ம கன்னிமாரு ஏன் எட்டு?"

கோழிச் சத்தத்துக்கு நடுவே அம்மா சொன்னாள். "இருந்துட்டுப் போகுது சாமி. சாப்டயா?"

அவ்வளவுதான். அம்மாவுக்குத் தெரியவில்லை, எண்ணிக்கையை யாரோ எப்போதோ தப்பாக வைத்துவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். தட்டுக்கு முப்பது முட்டை பிசகாமல் அடுக்குகிறவளுக்கு எட்டு வரைக்கும் எண்ணத் தெரியாது என்று முடிவு செய்தேன். படித்தவன் அல்லவா.

ஆனி மாதம் படப்பிடிப்பு. அப்பா தறிக்கும் அம்மா பண்ணைக்கும் போயிருந்தார்கள். வரிசையில் கடைசியாக இருந்த கல், மற்றதைவிடச் சின்னது. தேங்காய்ப் பருமன் இருக்கும், மழுமழுவென்று. கடப்பாரையால் லேசாக நெம்பினேன், வந்துவிட்டது. ஏழு கற்களும் காலை வெயிலில் நிற்கும் அந்த ஷாட் நன்றாக வந்திருக்கிறது. எடுத்தவரைக்கும் பார்த்தவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள்.

காற்று அன்றைக்குப் பேயாய் அடித்தது. வெளிச்சத்துக்குப் பிடித்த தெர்மாகோல் அட்டை ஸ்டாண்டோடு சாய்ந்துகொண்டே இருந்தது. ஸ்டாண்டின் காலில் வைக்கப் பாரம் எதுவும் கொண்டுபோகவில்லை. அந்தக் கல்லை எடுத்து வைத்தேன். கச்சிதமாக உட்கார்ந்தது. சாயங்காலம் சாமான்களோடு சேர்ந்து அதுவும் வேனில் ஏறிவிட்டது. மறுநாள் சத்தியமங்கலத்தில் பவானிக் கரையில் கன்னிமார் நீராடும் காட்சி. அங்கேயும் அதைத்தான் பாரத்துக்கு வைத்தோம். முடிந்ததும் ஸ்டாண்டை மடக்கினேன். கல்லை மடக்கவா முடியும்? விட்டுவிட்டு வந்தேன்.

ஆடி நோம்பிக்கு வீட்டுக்குப் போனேன். வழக்கம்போல எட்டு இலை அறுத்தேன். அம்மா முன்னால் தண்ணீர்க் குடத்தோடு போனாள். அப்பா மாவுப் போசியோடு பின்னால் வந்தார். மரத்தடியில் அம்மா குடத்தை இறக்கவில்லை. அப்படியே நின்றாள்.

"சாமி, பாப்பா எங்க?"

"எந்தப் பாப்பாங்மா?"

கடைசியில் இருந்த குழியைக் காட்டினாள். நான் சொன்னேன். "அதுங்களா? கன்னிமாரு ஏழுதானுங்மா. படத்துக்காக எடுத்து வெச்சேன்." அந்த நேரத்திலும் நான் கணக்குத்தான் சொல்லிக் கொடுத்தேன்.

"ஏழுன்னு எனக்குத் தெரியாதா சாமி?"

குடத்தை இறக்கிவிட்டு மண்ணில் உட்கார்ந்தாள். அங்கே உட்கார்ந்துதான் எனக்கு ஒரு அக்கா இருந்தாள் என்று சொன்னாள். நான் பிறப்பதற்கு மூன்று வருடம் முன்னால் காய்ச்சலில் போய்விட்டாளாம். ஆறு வயது. பொம்மை வாங்கிக் கொடுக்க வழியில்லாத காலம். அந்தக் கல்லைத்தான் துணி சுற்றி இடுப்பில் வைத்துக்கொண்டு திரிவாளாம். அதற்குத் தண்ணி வாத்து, பவுடர் போட்டு, தூங்க வைப்பாளாம். கல்யாணமாகாமல் போகிற பிள்ளை கன்னிமாரோடு போய்ச் சேர்ந்துகொள்ளும் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. முப்பதாம் நாள் அப்பா அந்தக் கல்லைக் கொண்டுவந்து ஏழு பேருக்குப் பக்கத்தில் நட்டிருக்கிறார். அவளுக்குப் போட்டோ கிடையாது. அவள் தொட்ட பொருள் வேறெதுவும் வீட்டில் இல்லை.

"ஏனுங்மா எங்கிட்டச் சொல்லலை?"

"சொன்னா நீ பயந்துக்குவயோன்னு இருந்துச்சு. பொறவு அப்படியே போயிருச்சு." என் கையைப் பிடித்தாள். "எங்க வெச்சிருக்கே? காரமா வெச்சிருப்பே. போயி எடுத்துட்டு வா, போ."

பத்திரமாக என்பதை அம்மா அப்படித்தான் சொல்வாள். "சத்தியில ஆத்தங்கரையிலயே விட்டுட்டு வந்துட்டேங்மா" என்றேன்.

மறுநாள் விடிந்ததும் நானும் அப்பாவும் சத்திக்குப் பஸ் ஏறினோம். ஆற்றில் தண்ணீர் விட்டிருந்தார்கள். நாங்கள் ஸ்டாண்ட் வைத்த மணல் திட்டில் முழங்கால் ஆழம் ஓடியது. அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார். குனிந்து ஒவ்வொரு கல்லாக எடுத்து, இரண்டு கையாலும் தடவிப் பார்த்து, திரும்பத் தண்ணீருக்குள்ளேயே வைத்தார். தூக்கிப் போடவில்லை, வைத்தார்.

கரையில் மாடு கழுவிக்கொண்டிருந்தவர் கேட்டார். "என்னுங் தம்பி, மோதரமா?"

"கல்லுங்க."

"கல்லுங்களா! இத்தன பெரிய ஆத்துல கல்லுக்கா பஞ்சம்? லாரி கொண்டாந்து அள்ளிட்டுப் போங்க." சத்தமாகச் சிரித்தார். தறிச் சத்தத்தில் அப்பாவுக்குக் காது பாதி போய்விட்டது. ஏதோ நலம் விசாரிக்கிறார் என்று நினைத்து அவரும் நிமிர்ந்து சிரித்தார். "ஆமாங்க" என்றார்.

மத்தியானம் வரை தேடினோம். அதேபோல இருந்த மூன்றை மஞ்சப்பையில் போட்டுக்கொண்டு வந்தோம். அம்மா வாசலிலேயே நின்றிருந்தாள். ஒவ்வொன்றாக வாங்கி, இடுப்புக்குக் கொண்டுபோய், சற்று வைத்துப் பார்த்தாள். பிறகு மூன்றையும் துவைக்கிற கல் ஓரமாக இறக்கி வைத்தாள்.

"இதெல்லாம் கல்லு சாமி" என்றாள். கோபமே இல்லை. கோபப்பட்டிருக்கலாம்.

படத்தை முடிக்க எனக்கு மனசு வரவில்லை. ஆனாலும் எடுத்ததையெல்லாம் ஒருமுறை ஓட்டிப் பார்த்தேன். ஆற்றங்கரையில் வீணாய்ப் போன ஒரு டேக் இருந்தது. கேமரா கொஞ்சம் இடப்பக்கம் திரும்பிவிட, ஸ்டாண்டின் காலும் அதன் மேலிருந்த கல்லும் ஓரத்தில் தெரிகின்றன. பதினோரு நொடி. அதை மட்டும் வெட்டிப் போனில் ஏற்றிக்கொண்டு ஊருக்குப் போனேன்.

அம்மா போனைக் கையில் வாங்கவில்லை. நான் பிடித்துக்கொள்ள, அப்பாவும் அவளும் குனிந்து பார்த்தார்கள். நீராடும் ஏழு பெண்களை இரண்டு பேருமே பார்க்கவில்லை. மறுபடி போடச் சொன்னாள், போட்டேன். நாலாவது தடவை கேட்டாள்.

"கடசீல நீ கத்தறயே, என்ன சொல்றே?"

அதில் என் குரல் இருக்கிறது. 'கட், கட், கல்லு ஃபிரேம்ல வருது, எடுத்துத் தூரப் போடு' என்கிற குரல். பொய் சொல்லியிருக்கலாம்.

"கல்லு தெரியுது, எடுத்துத் தூரப் போடுன்னு சொல்றேங்மா."

அம்மா படத்தை அப்படியே நிறுத்தி வைக்கச் சொன்னாள். நின்ற படத்துக்கு வெகு பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோனாள். முந்தானை நுனியால் போன் கண்ணாடியைத் துடைத்தாள். திரும்பத் துடைத்தாள்.

"மூஞ்சியெல்லாம் மண்ணா இருக்குது பாரு" என்றாள்.