கண்டக்டரின் இடது கை

பொம்மைப் படம் எடுக்கிறவர்களுக்குப் பட்டன் வைத்துக் கொடுப்பதும் ஒரு தொழில் என்றால் யாரும் நம்பமாட்டார்கள். ஒன்பது வருடமாக நான் அதில்தான் சோறு சாப்பிடுகிறேன், நன்றாகவே சாப்பிடுகிறேன். அடுத்தவர் உபயோகிக்க ஒன்றைச் செய்து கொடுத்துவிட்டு அவர்கள் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கும் தையற்காரர்கள், சமையற்காரர்கள், சாஃப்ட்வேர்காரர்கள் எல்லோரும் கொஞ்சம் கிட்டே வாருங்கள். உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியும்.

தொட்டி நிரம்பிய கதை

கீழ்க்கட்டளையில் நான் குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரம்மாவுக்கு என் வேலை என்ன என்பதில் ரொம்ப நாளாகச் சந்தேகம். ஒருநாள் மோட்டார் போடப் போன என்னைப் பிடித்துக்கொண்டார். நானும் உற்சாகமாக ஆரம்பித்தேன். கம்ப்யூட்டருக்குள் ஒரு பொம்மை இருக்கிறதம்மா. அதை அசைக்க விரலுக்கு ஒன்று, புருவத்துக்கு ஒன்று, முழங்காலுக்கு ஒன்று என்று ஏகப்பட்ட பிடிகள். ஒவ்வொன்றையும் அனிமேட்டர் தேடிப் பிடிப்பதற்குள் பொழுது போய்விடும். அதனால் திரையின் ஓரத்தில் அந்தப் பொம்மையின் படத்தைப் போட்டு, அதன்மேல் பட்டன்கள் வைக்கிறேன். கையைத் தொட்டால் கை கிடைக்கும், காலைத் தொட்டால் கால். அதற்குப் பேனல் என்று பெயர். இப்படி நான் விளக்கி முடிப்பதற்குள் தொட்டி நிரம்பி, தண்ணீர் மாடிப்படி வழியாக இறங்கி வந்துவிட்டது.

"பொம்மைக்கு ரிமோட்டு பண்றேன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா முடிஞ்சிது. இதுக்காப்பா இவ்ளோ தண்ணிய வுட்ட?"

யாருடைய இடது?

எங்கள் ஸ்டூடியோ தாம்பரம் சானடோரியத்தில், ஒரு பேக்கரிக்கு மேலே இரண்டாவது மாடியில் இருக்கிறது. போன வருடம் பெரிய தொடர் ஒன்று வந்தது. கதாநாயகர் தொப்பை வைத்த பஸ் கண்டக்டர். இடது கையில் விசில், வலது கையில் தோல் பை. மேனேஜர் மனோகர் சார் என்னைக் கூப்பிட்டு, முதல் எபிசோடு முடிவதற்குள் அனிமேட்டர்கள் எல்லோரும் என் பேனலுக்குப் பழகிவிட வேண்டும் என்றார். இல்லையென்றால் பட்டன் வைக்கத் தனி ஆள் எதற்கு, நானும் அனிமேட்டர் சீட்டுக்குப் போக வேண்டியதுதான். நான் ஏற்கெனவே அந்த சீட்டில் இருந்தவன். நான் நடக்கவைத்த பொம்மைகள் எல்லாம் காலில் முள் குத்தியது போல நடந்தன. அங்கே திரும்பினால் ஒரு மாதம்கூடத் தாங்கமாட்டேன் என்பது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

ஒரே வாரத்தில் பேனல் தயார். அனிமேட்டர் பிரபுவின் கம்ப்யூட்டரில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். படத்தில் கண்டக்டர் நம்மைப் பார்த்து நிற்கிறார். அப்படி நின்றால் அவருடைய இடது கை நமக்கு வலப்பக்கம் வரும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த விஷயம். நான் மட்டும் என் இடப்பக்கம் இருந்ததை எல்லாம் அவருடைய இடது என்று இணைத்து வைத்திருந்தேன். பிரபு விசில் கையைத் தொட்டு உயர்த்தினான், பை இருந்த கை மேலே வந்தது. மறுபடியும் தொட்டான். கண்டக்டர் தோல் பையை வாயில் வைத்து ஊதப் பார்த்தார்.

"இன்னா மச்சான், கண்ணாடியப் பாத்துகினே பட்டன் வச்சியா?"

அரை அங்குலம்

அதை அன்றே சரிசெய்தேன். மூன்று வாரத்தில் பிரபுவும் மற்றவர்களும் நன்றாகப் பழகிவிட்டார்கள். அத்தோடு நான் சும்மா இருந்திருக்க வேண்டும். ஆனால் பட்டன்கள் கோணலாக நிற்பது என் கண்ணை உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு சனிக்கிழமை உட்கார்ந்து எல்லாவற்றையும் நூல் பிடித்தாற்போல அடுக்கி, இளம்பச்சை நிறம் அடித்து, திங்கட்கிழமை காலை எல்லோருக்கும் ஏற்றிவிட்டேன். இதில், செய்த அசைவைப் பதிவு செய்யும் பட்டன் அரை அங்குலம் மேலே போயிற்று. அது இருந்த இடத்துக்கு, பொம்மையைப் பழையபடி கை விரித்து நிற்கவைக்கும் பட்டன் வந்தது.

அனிமேட்டரின் கை பட்டனைப் பார்த்துப் போகாது, பழகின இடத்துக்குப் போகும். அன்று பிரபு, கண்டக்டர் கூட்டத்தில் நெளிந்து நெளிந்து டிக்கெட் கொடுக்கும் காட்சியை மனோகர் சாரிடம் காட்டிக்கொண்டிருந்தான். பதிவு செய்வதாக நினைத்து ஒரு தட்டு தட்டினான். ஷாட் முழுக்க நெளிவு எல்லாம் போய், கண்டக்டர் இரண்டு கையையும் நேராக விரித்துக்கொண்டு பஸ் நடுவில் நின்றார். இன்னொரு தட்டில் எல்லாம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் சார் பார்த்துவிட்டார்.

"கலர் நல்லாத்தான் இருக்கு முரளி. கண்டக்டர் எதுக்கு ரெண்டு ஜன்னல் வழியாவும் கைய வெளிய நீட்டறாரு?"

சாப்பாட்டுக் கை

பட்டன்களைப் பழைய கோணலுக்கே அனுப்பிவைத்தேன், பச்சையை மட்டும் விட்டுவைத்தேன். பாக்கி இருந்தது ஒரே ஒருவர். ஜெசிந்தா அக்கா, மாடம்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டியில் வருகிறவர், எங்களிடம் இருப்பதிலேயே கெட்டிக்கார அனிமேட்டர். அவர் மட்டும் என் பேனலைத் தொடவே இல்லை. திறந்து பார்ப்பார், "நல்லா இருக்குப்பா" என்பார், மூடிவிடுவார். அதன்பின் எந்தப் பிடிக்கு எந்தக் கீ என்று எழுதி, திரையின் வலது ஓரத்தில் ஒட்டியிருக்கும் மஞ்சள் சீட்டுகளைப் பார்த்துப் பார்த்துக் கீபோர்டில் தட்டுவார். அவர் எடுத்துக்கொண்டால்தான் கணக்கு என்று மனோகர் சாரும் சொல்லிவிட்டார். எபிசோடு முடிய இரண்டு வாரம் இருந்தது. எனக்கு நிஜமாகவே பயம் வந்தது.

கடைசியில் ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்தேன். எங்கள் அனிமேட்டர்கள் திரையின் மேலேயே பேனாவை வைத்து வேலை செய்வார்கள். பேனல் இடது ஓரத்தில் இருக்கும். ஐந்து நிமிடம் பார்த்ததும் விஷயம் விளங்கிவிட்டது. அக்கா பேனா பிடித்திருந்தது இடது கையில். என் பேனல் முழுவதும் அவருடைய முழங்கைக்கு அடியில் கிடந்தது. நாலு வருடமாக எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுகிறோம், அவர் கொண்டுவரும் கிறிஸ்மஸ் கேக்கில் பெரிய துண்டு எனக்குத்தான். இதுகூடத் தெரியவில்லையே என்று வெட்கமாக இருந்தது. தினமும் வலது கையால்தானே சாப்பிட்டீர்கள் என்று கேட்டேவிட்டேன்.

"சாப்பாட்டுக்கு மட்டும்தாம்பா வலது. அதுக்கே எங்கம்மா கிட்ட எவ்ளோ அடி வாங்கினேன் தெரியுமா?"

குறைப் பட்டியல்

மறுநாளே பக்கம் மாற்றும் பட்டன் ஒன்று வைத்தேன். தட்டினால் பேனல் அப்படியே வலது ஓரத்துக்குப் போகும். அவசரத்தில் பேனலோடு கண்டக்டரின் படத்தையும் இடம் வலமாகத் திருப்பிவிட்டேன் போலிருக்கிறது. அக்கா விசில் கையைத் தொட்டார், தோல் பை மேலே வந்தது. பிரபு சிரித்த சிரிப்பு கீழே பேக்கரி வரை கேட்டிருக்கும். பத்தே நிமிடத்தில் சரிசெய்து கொடுத்துவிட்டு, அதன்பிறகு இரண்டு வாரம் நான் எதையும் தொடவில்லை. அதுதான் எனக்குப் பெரிய கஷ்டமாக இருந்தது.

எபிசோடு முடிந்த அன்று மனோகர் சார் நேராக அக்காவிடம் வந்து, பேனல் எப்படி என்று கேட்டார். நான் இரண்டு நாற்காலி தள்ளி நின்றேன். அக்கா திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் வலது கை விரலை மடக்கி எண்ண ஆரம்பித்தார். "விசில் பட்டன் கடுகு மாதிரி இருக்கு. புருவம் ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கு, ஒண்ணத் தொட்டா இன்னொண்ணு வருது. தொப்பைக்குத் தனியா ஒண்ணு வேணும். இந்தப் பச்சை கண்ண எரிக்குது." சாரின் முகம் சுருங்கிக்கொண்டே போனது. எனக்கோ சந்தோஷம் தாங்கவில்லை. ஏனென்றால் அக்காவின் இடது கைப் பேனா அத்தனை நேரமும் என் பேனலில்தான் தட்டிக்கொண்டிருந்தது. திரையின் வலது ஓரத்தில் மஞ்சள் சீட்டு ஒன்றுகூட இல்லை. எல்லாவற்றையும் பிய்த்து எறிந்திருந்தார். இவ்வளவு குறையா, அப்போது இவனை அனிமேட்டர் சீட்டுக்கே மாற்றிவிடலாமா என்று சார் கேட்டார். அக்கா முதல் தடவையாகத் திரும்பினார்.

"முரளிய அங்க உக்கார வச்சுட்டா, என் தொப்பை பட்டன யார் சார் வைப்பாங்க?"

அன்றிலிருந்து யாராவது என் வேலையைப் பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னால், நன்றி சொல்லிவிட்டு ஒரு நாற்காலியை இழுத்துக்கொண்டு போய் அவருக்குப் பின்னால் உட்கார்ந்துவிடுகிறேன்.