நல்லூரில் ஒரு வீட்டுச் சுவர்

நல்லூரில் பேருந்துக்காக நிற்கிறேன். எதிர்வீட்டின் வெளிச்சுவரில், ஏணிமேல் நின்று பூங்கொடி என்ற பெண் இதே தெருவை வரைந்துகொண்டிருக்கிறார். படத்தில், பைக்கில் துணிமூட்டை போகிறது. வடநாட்டுத் தொழிலாளர்கள் இரண்டு பேர் சண்டை போடுகிறார்கள். தையல்காரப் பெண்கள் ரோட்டோரம் உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறக்கிறார்கள்.

பக்கத்துப் பனியன் கம்பெனி மேனேஜர் வருகிறார்.

"ஏனுங்க, நாளைக்குத் துணி வாங்கற ஃபாரின் பையர் வர்றாங்க. ரோட்டுல உக்காந்து திங்கறவங்களை மட்டும் அழிச்சுப்போடுங்க. அங்க மயில் வரைஞ்சுக்கலாம்."

"உள்ள அவங்க உக்கார ஒரு ரூம் கட்டிக் குடுங்க. அப்பறம் உள்ள உக்கார்ற மாதிரி வரையறனுங்க."

"அப்ப எங்க ஏணியைக் குடுத்துருங்க."

பூங்கொடி இறங்கி ஏணியைக் கொடுத்துவிடுகிறார். மேனேஜர் அதை வாட்ச்மேனிடம் தந்துவிட்டு அங்கேயே நிற்கிறார்.

"மயிலே வரைந்திருக்கலாமே?" என்கிறேன்.

"நாயக்கர் காலத்துக் கோயில் ஓவியத்துல ராசா ஊர்வலம் பாத்திருக்கீங்களா? ஓரத்துல மோர் விக்கிறவளும் இருப்பா. இது எங்கூட்டுச் செவுருங்க. இங்க ராசா இல்லீங்க, அவ மாதிரி ஆளுக மட்டுந்தான்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்காருகிறார். முகங்கள் மேலே முடிந்துவிட்டன. இனி கால்கள்தான் பாக்கி. அதற்கு ஏணி வேண்டாம்.

சாப்பாட்டு மணி அடிக்கிறது. தையல்காரப் பெண்கள் கம்பெனியிலிருந்து வெளியே வந்து, படத்தில் இருப்பதுபோலவே ரோட்டோரம் உட்காருகிறார்கள். மேனேஜர் முறைத்துக்கொண்டிருக்கும்போதே திருநெல்வேலிப் பெண் ஒருத்தி, பூங்கொடி வரையும் காலைப் பார்த்து உரக்கச் சொல்கிறாள்:

"எக்கா, ஏஞ் செருப்பு நீலம்லா! சரியாப் போடுங்க."