மூன்றே முக்காலுக்குத் திறந்த குளிர்பெட்டி

தியாகதுருகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டுச் சுவரில், மளிகைக் கடை காலண்டருக்கும் கரண்ட் மீட்டருக்கும் நடுவே, லேமினேஷன் செய்த ஒரு தாள் ஒன்றரை வருடம் தொங்கியது. அதில் இருபது வரி ஆங்கிலம். அப்பாவுக்கும் அம்மாவுக்கும் எந்த மொழியிலும் படிக்கத் தெரியாது. கரும்பு வெட்டப் போகிறவர்கள். பஸ் ஸ்டாண்டு ஜெராக்ஸ் கடையில் அப்பாதான் அதை லேமினேட் செய்துகொண்டு வந்தார்.

"இதுல எந்த எடத்துல உம் பேரு?" என்று கேட்டார். நான் விரலை வைத்தேன். அந்த வருடம் ஆயுத பூஜைக்கு அரிவாளுக்கும் என் லேப்டாப்புக்கும் குங்குமம் வைத்த அம்மா, நான் விரல் வைத்த அதே இடத்தில் தாளுக்கும் ஒரு பொட்டு வைத்தாள்.

அந்தத் தாளைப் பற்றி நான் யாரிடமும் அடக்கமாகப் பேசியதில்லை. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூட வாசலைத் தாண்டிய முதல் ஆள் நான். உலகம் முழுவதும் ஓடுகிற ஒரு கெர்னலில் ஒரு மூலை என் பொறுப்பில் இருந்தது. கெர்னல் என்பது கம்ப்யூட்டரின் எல்லாப் பாகங்களையும் கட்டி மேய்க்கிற அடிப்படை நிரல். நான் சொல்லும் கெர்னல் எல்லோருக்கும் பொதுவானது. யார் வேண்டுமானாலும் அதைப் படிக்கலாம், திருத்தம் அனுப்பலாம். ஆனால் ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு பொறுப்பாளர் உண்டு. அவர் ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் மேலே போகும்.

என்னுடைய பகுதி மிகச் சிறியது. ஒரு கடிகாரச் சில்லுக்கான டிரைவர். கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போதும் நேரத்தை எண்ணிக்கொண்டே இருக்க, நகம் அளவு சில்லு ஒன்று பலகையில் இருக்கும். பக்கத்தில் காசு போல வட்டமான ஒரு பேட்டரி. சில்லிடம் நேரம் கேட்டுக் கெர்னலுக்குச் சொல்வதுதான் டிரைவரின் வேலை. நான் வேலை பார்க்கும் கள்ளக்குறிச்சி நிறுவனம் அந்தச் சில்லைத்தான் பயன்படுத்துகிறது. உரக்கடை மாடியில் நாங்கள் நான்கு பேர், தடுப்பூசிக் குளிர்பெட்டிகளின் வெப்பத்தைப் பதிவு செய்யும் கருவி செய்கிறோம். முன்பு அந்த டிரைவரைக் கவனித்தவர் வேறு வேலைக்குப் போய்விட்டதால், யார் எடுத்துக்கொள்கிறீர்கள் என்று கெர்னல் வேலை செய்பவர்களின் மின்மடல் குழுவில் கேட்டார்கள். நான் கை தூக்கினேன். கொடுத்தார்கள். என் ஊர் என்ன, அப்பா என்ன செய்கிறார் என்று யாரும் கேட்கவில்லை. அதற்கு இன்றும் எனக்கு நன்றி உண்டு.

பொறுப்பு வந்ததும் நான் செய்த முதல் மாற்றம்தான் சுவரில் தொங்கியது.

அந்தச் சில்லுக்கு ஒரு நல்ல குணம். பேட்டரி மிகவும் இறங்கிவிட்டால், கரண்ட் இல்லாத நேரத்தில் அது எண்ணுவதை நிறுத்திவிடும். கடைசியாக எண்ணிய நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு, 'நடுவில் நான் நின்றுபோனேன்' என்று தனக்குள் ஒரு குறியைப் போட்டு வைக்கும். டிரைவர் அந்தக் குறியைப் பார்த்தால் 'நேரம் தெரியவில்லை' என்று சொல்ல வேண்டும். பழைய டிரைவர் அப்படித்தான் சொன்னது. ஆனால் எங்கள் கருவிகள் சில, பெட்டியிலிருந்து எடுத்து முதல் தடவை போடும்போதே நேரம் தெரியவில்லை என்று நின்றன. வாங்கியவர்கள் போன் செய்து திட்டினார்கள். நான் ஆறு வரி எழுதினேன். குறி இருந்தால் அதை அழித்துவிட்டு, சில்லில் இருக்கும் நேரத்தையே எடுத்துக்கொள்.

கடிகாரப் பகுதி முழுவதற்கும் மேலே ஒரு மூத்த பொறுப்பாளர் இருக்கிறார். கடலுக்கு அப்பால் ஏதோ குளிர்நாட்டுக்காரர். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். கடிகாரம் நின்றிருந்தால், அதில் இருக்கும் நேரம் சரி என்று உனக்கு எப்படித் தெரியும்? எங்கள் பலகைகளில் பேட்டரி தீர்ந்துபோவதே இல்லை என்று மிடுக்காகப் பதில் எழுதினேன். அவர் வற்புறுத்தவில்லை. உன் டிரைவர், உன் கருவி, உன்னை நம்புகிறேன் என்று சேர்த்துக்கொண்டார். அன்று முதலாளி எல்லோருக்கும் பஜ்ஜி வாங்கினார்.

ஒன்றரை வருடம் கழித்து, கோடை மழை பிடித்த நாட்களில், முதலாளி ஒரு கடிதத்தை என் மேஜையில் வைத்தார். வெள்ளிமலைப் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து வந்த விவகாரம். அங்கே தடுப்பூசிக் குளிர்பெட்டியைக் கவனிக்கும் சிஸ்டர் காலையும் மாலையும் நோட்டில் வெப்பத்தை எழுதுகிறார். எங்கள் கருவியும் பதிவு செய்கிறது. இரண்டும் ஒத்துப்போகவில்லை. கருவியின் பதிவில், புதன்கிழமை விடியற்காலை மூன்றே முக்காலுக்கு யாரோ பெட்டியைத் திறந்து அரைமணி நேரம் திறந்து திறந்து மூடியிருக்கிறார்கள். கருவிக்குக் கரண்ட் இல்லை என்று நோட்டில் இருக்கும் நேரங்களிலோ, கருவியில் ஒரு நிமிட இடைவெளிகூட இல்லை. நோட்டு பொய்யாக எழுதப்பட்டது என்று மாவட்ட சுகாதார அலுவலகத்தார் சிஸ்டரிடம் விளக்கம் கேட்டிருந்தார்கள். எங்களிடம் கேட்டது ஒரு சான்று. கருவியின் நேரம் சரியானதே என்று பொறியாளர் கையெழுத்திட்டுத் தர வேண்டும்.

"ஒரு கையெழுத்து போட்டு குடும்மா. சாயந்திரத்துக்குள்ள அனுப்பணும்" என்றார் முதலாளி.

"மூணே முக்காலுக்கு எதுக்குண்ணா பொட்டிய தொறந்தாங்க?"

"மாவு கீவு வச்சிருப்பாங்க. இட்லிக்கு எடுத்திருப்பாங்க. நமக்கு இன்னா அது? மெஷினு சரியா ஓடிக்கினு இருக்குதா இல்லியா?"

நானும் சிரித்தேன். அதை இப்போது நினைத்தால் கூச்சமாக இருக்கிறது. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பதிவை ஒருமுறை பார்த்துவிட்டுப் போடலாம் என்று திறந்தேன்.

மூன்றே முக்காலுக்குத் திறந்தது ஒரு புதன்கிழமை. அதற்கு முந்தைய புதன் ஐந்தரைக்கு. அதற்கும் முந்தைய புதன் ஏழு மணிக்கு. திறந்து மூடிய ஏற்ற இறக்கம் மூன்றிலும் ஒரே மாதிரி. புதன்கிழமை என்றால் எல்லா ஊரிலும் தடுப்பூசி நாள். காலை ஒன்பதரைக்குக் குழந்தைகளோடு அம்மாக்கள் வருவார்கள். அப்போது பெட்டியைத் திறக்கத்தானே வேண்டும்? இந்திய நேரமா உலக நேரமா என்ற வழக்கமான குழப்பம் என்றால், ஒவ்வொரு வாரமும் ஒரே அளவு தள்ளியிருக்கும். இங்கே கருவியின் நேரம் பின்தங்குவது வாரத்துக்கு வாரம் கூடிக்கொண்டே போயிற்று. பேனாவை மூடினேன்.

"ஒரு நாள் டைம் குடுங்கண்ணா. மேல போய் பாத்துட்டு வந்துடறேன்."

"கையெழுத்து போட மலை ஏறுற ஆள இப்பதான் பாக்கறேன்" என்றார். ஆனாலும் விட்டார்.

மறுநாள் காலை கச்சிராயபாளையம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறினேன். கோமுகி அணை தாண்டி வளைவுகள் தொடங்கியதும், பக்கத்து சீட்டில் இருந்த யாரோ ஒரு அம்மாள் மடியிலிருந்த கோழியை என் பக்கம் சாய்த்துக்கொண்டு தூங்கிவிட்டாள். முந்தின நாள் மழையில் சாலை முழுக்க மண்.

சிஸ்டருக்கு நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். நான் யார் என்று சொன்னதும் நாற்காலியை நகர்த்திப் போட்டார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"மெஷினுக்கு சர்டிபிகேட் குடுக்க வந்தியாம்மா?"

"இல்லீங்க சிஸ்டர். உங்க நோட்ட பாக்க வந்தேன்."

"பாரு. பதினேழு வருசமா எழுதறேன். இது வரைக்கும் எந்த நோட்டும் பொய் சொன்னதில்ல. மூணே முக்காலுக்கு எழுந்து ஊசி எடுத்து யாருக்கு போட? கோழிக்கா?"

நீல மையில் எழுதிய நோட்டு. காலை ஒன்பது, மாலை நாலரை. ஓரத்தில் சின்ன எழுத்தில் 'இடி, பிளக் எடுத்தது 2.10, போட்டது 3.55' என்பது போல வரிகள். மூன்று வாரத்தில் பல இடங்களில்.

"இடிக்கு பிளக்க எடுத்துடுவீங்களா?"

"இங்க எல்லா வூட்லயும் அப்படித்தான். இடி கேட்டா டிவி, மிக்ஸி எல்லாத்தயும் உருவிடுவோம். போன வருசம் ஒரு வூட்ல டிவி வெடிச்சுது. ஊசிப் பொட்டி நாள் பூரா கரண்ட் இல்லன்னாலும் தாங்கும். உங்க மெஷினு எரிஞ்சு போயிட்டா யாரு பதில் சொல்றது? அதான் உருவி வச்சிடுவேன்."

எங்கள் கருவியைக் காப்பாற்றத்தான் அவர் பிளக்கை எடுத்திருக்கிறார். நான் கருவியின் மூடியைக் கழற்றினேன். வாங்கும்போது ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறை இன்னும் அப்படியே இருந்தது. அழுக்காகக் கூடாது என்று எடுக்காமல் வைத்திருந்தார். மீட்டரை வைத்துப் பேட்டரியைச் சோதித்தேன். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டுகூட இல்லை. தீர்ந்துபோவதே இல்லை என்று நான் கடல் கடந்து எழுதிய அதே பேட்டரி.

"சிஸ்டர், இப்ப இதுல மணி இன்னா காட்டுது, பாத்துக்குங்க."

"அஞ்சு பன்னெண்டு. உண்மையான மணி பதினொண்ணு அஞ்சு" என்றார், கைக்கடிகாரத்தைப் பார்த்து.

பிளக்கை எடுத்தேன். எதிர்க்கடையில் போய் இருவரும் டீ குடித்தோம். அவர் மகனின் பாலிடெக்னிக் கட்டடம் ஒழுகுவதைப் பற்றிச் சொன்னார். முப்பத்தைந்து நிமிடம் கழித்துத் திரும்பிப் பிளக்கைப் போட்டேன். திரையில் ஐந்து பன்னிரண்டு.

அவர் திரையையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நாம டீ குடிச்சது இதுக்குத் தெரியவே இல்லியே."

"தெரியாதுங்க. நின்னு போச்சு. நின்னதுன்னு உள்ள ஒரு குறி போட்டிருக்கும். அத பாத்துட்டு நேரம் தெரியலன்னு சொல்லணும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"அந்தக் குறிய அழிக்கச் சொல்லி எழுதுனது நாந்தான் சிஸ்டர்."

அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். குளிர்பெட்டியின் மேல் கையை ஊன்றி என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"நீ எழுதுனதா? இத்தினியூண்டு பொண்ணா இருக்கிற" என்றார். பிறகு, "இப்ப எங்கிட்ட சொன்னத பேப்பர்ல எழுதிக் குடுப்பியா? உங்க மொதலாளி வுடுவாரா?"

"குடுக்கறேங்க."

இறங்கும் பஸ்ஸில் அந்தத் தைரியம் ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் கொட்டிப்போயிற்று. பேட்டரி கெட்டுவிட்டது என்று மட்டும் எழுதினாலும் சிஸ்டர் தப்பித்துவிடுவார், நானும் தப்பித்துவிடுவேன் என்று ஒரு வழி மனதில் ஓடியது. ஆனால் பேட்டரி எல்லா ஊரிலும் தேயும். என் ஆறு வரியும் எல்லா ஊரிலும் ஓடிக்கொண்டிருக்கிறது. மடல் குழுவில் எழுதியதை யாரும் அழிக்க முடியாது. நான் மிடுக்காகச் சொன்ன பதிலும் அங்கேயே இருக்கும், அதற்குக் கீழே என் திரும்பப் பெறுதலும் இருக்கும். அம்மா குங்குமம் வைத்த மாற்றத்தை நானே பிடுங்க வேண்டும்.

முதலாளியிடம் சொன்னபோது அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். "நம்ம பொழப்புல நாமளே மண்ணள்ளிப் போட்டுக்கினா எப்படிம்மா?"

"பதினேழு வருச நோட்டு அண்ணா அது."

அவர் கண்ணைத் திறந்து கடிதத்தை என் பக்கம் தள்ளினார். "சுத்தி வளைக்காத. சிஸ்டர் எழுதுனது சரி, மெஷினு நேரம் தப்பு. இத மொத வரியா எழுது. நானும் கீழ கையெழுத்து போடறேன். பேட்டரி மட்டமானத வாங்குனது நான்தான்." அந்த வாரமே எல்லா ஊர்களுக்கும் நல்ல பேட்டரி அனுப்பினார். அவரை நான் அதுவரை குறைத்துத்தான் எடை போட்டிருந்தேன்.

பிறகு கெர்னலுக்கு எழுதினேன். என்ன நடந்தது என்று மறைக்காமல் சொன்னேன். இடி, பிளக், தேய்ந்த பேட்டரி, நின்ற கடிகாரம், நோட்டு. கடைசியில், என் ஆறு வரியை எடுத்துவிடுங்கள். மூத்த பொறுப்பாளரின் பதில் மறுநாளே வந்தது. கேலி எதுவும் இல்லை. தேடிப் போய்க் கண்டுபிடித்ததற்கு நன்றி, அன்று நானும் இரண்டாவது முறை கேட்டிருக்க வேண்டும் என்று எழுதியிருந்தார். கூடவே ஒரு கேள்வி. பிழையைத் தெரிவித்தவரின் பெயரை ஏன் போடவில்லை?

எங்கள் வேலையில் அது ஒரு வழக்கம். பிழையை முதலில் காட்டியவரின் பெயர் திருத்தத்தின் அடியில் ஒரு வரியாக நிற்க வேண்டும். அவர் நிரல் எழுதத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. சிஸ்டருக்குப் போன் செய்து, பெயர் போடலாமா என்று கேட்டேன். அது உலகம் முழுக்கத் தெரியும், அழியவே அழியாது என்றும் சொன்னேன்.

"எம் மேல கேஸு எதுவும் வராதுல்ல?"

"வராதுங்க. இது பெருமை."

"அப்படின்னா இனிஷியலோட போடு. வேலை ஆர்டர்ல இருக்கற மாதிரி."

இனிஷியலோடு போட்டேன். அடுத்த வாரம் சிஸ்டரிடம் கேட்ட விளக்கத்தைக் கைவிட்டதாகக் கடிதம் வந்தது என்று அவரே கூப்பிட்டுச் சொன்னார்.

அன்று மாலை வீட்டில் ஸ்டூல் மேல் ஏறி லேமினேஷன் தாளைக் கழற்றினேன்.

"ஏன் கயட்டற?" என்றார் அப்பா.

"தப்பாயிடுச்சுப்பா. வாபஸ் வாங்கிட்டேன்."

"தப்புன்னு யாரு கண்டுபுடிச்சா?"

"மலைல ஒரு சிஸ்டர். அப்புறம் நான்."

"அத எழுதி வச்சிருக்குதா?"

"இருக்குது. ரெண்டு பேரு பேரும் இருக்குது."

"அப்ப அத பேப்பர்ல அடிச்சுக்கினு வா. ஆணி சும்மா இருக்குதில்ல."

இப்போது அந்தத் தாள்தான் தொங்குகிறது. இரண்டு இடத்தில் குங்குமம்.

புதிய நிரல் எல்லாக் கருவிகளுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. பேட்டரி இறங்கி நின்றுபோனால், திரையில் 'நேரம் தெரியவில்லை' என்று வரும்; யாராவது மணி சொல்லிக் கொடுக்கும்வரை அது எதையும் பதியாது. புதுப் பேட்டரியும் என்றாவது தேயும், மலையில் இடியும் ஓயாது. சென்ற மாதம் ஒரு நாள் சிஸ்டரிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு படமும் குரல் செய்தியும் வந்தன. படத்தில் அதே பிளாஸ்டிக் உறை மாட்டிய கருவி. திரையில் 'நேரம் தெரியவில்லை' என்ற எழுத்து.

குரல் செய்தியில் பின்னால் மழைச் சத்தம். "உன் மெஷினு ஒழுங்கா தெரியலன்னு சொல்லிடுச்சும்மா. நான் வாட்ச்ச பாத்து மணி சொல்லிக் குடுத்துட்டேன். பேட்டரி ஒண்ணு அனுப்பு."